மாஞ்சோலைக் குத்தகை முடியப்போகிறது, ஆற்றுக்கு என்ன திட்டம்?

தாமிரபரணி என்று பேச்செடுத்தாலே எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சாக்கடை, மணல், குளிர்பானக் கம்பெனி என்று மூன்று விஷயம் வரும். மூன்றுமே நியாயமான கோபம்தான். ஆனால் ஆற்றைச் சுற்றியிருக்கும் அரசு நிலம் யார் கையில், எத்தனை வருஷத்துக்கு, எதற்காக என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. என்னைக் கேட்டால் பாதிப் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

தாமிரபரணிக்குத் தண்ணீர் தரும் மலையில் இருக்கும் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டையே எடுத்துக்கொள்வோம். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் சுமார் 8,374 ஏக்கர் மலைக்காட்டை பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. சோலை என்கிற அடர்ந்த மலைக்காட்டை வெட்டித் தேயிலை போட்டார்கள். அப்புறம் ஜமீன் ஒழிந்து நிலம் அரசுக்கு வந்தது, குத்தகை மட்டும் அப்படியே ஓடியது. 1950-களில் கீழே மணிமுத்தாறு அணை கட்டினார்கள். 1988-ல் களக்காடு முண்டந்துறை, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. அதற்குள்ளேயும் தேயிலை நின்றது. 2018-ல் அந்த நிலத்தைக் காப்புக்காடு என்று அறிவித்தார்கள். 2028-ல் குத்தகை முடிகிறது. கம்பெனி அதுவரை காத்திருக்கவில்லை, 2024-லேயே தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துக் கடையைக் கட்டத் தொடங்கிவிட்டது.

ஐப்பசி, கார்த்திகையில் மழை அளவுப் பட்டியல் பார்க்கிறவர்களுக்கு ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி என்ற பெயர்கள் மனப்பாடமாக இருக்கும். எல்லாம் இந்த எஸ்டேட் ஊர்கள். அந்த மழையில் மாஞ்சோலை ரோட்டில் போனால் வித்தியாசம் கண்ணிலேயே தெரியும். தேயிலைச் சரிவிலிருந்து ரோட்டோர ஓடைக்கு இறங்கும் தண்ணீர் செம்மண் கரைந்து வரும். ஒரு வளைவு தாண்டினால் வெட்டாமல் விட்ட சோலைக்குள்ளிருந்து வரும் ஓடையில் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். மழை விட்ட பிறகும் சோலை ஓடை ஓடிக்கொண்டிருக்கும். தாமிரபரணியை வற்றாத ஜீவநதி என்று மேடையில் சொல்கிறோமே, அந்த வற்றாமைக்குக் காரணம் இந்தச் சோலையும் புல்வெளியும் பிடித்து வைத்து மெதுவாக விடும் தண்ணீர். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை ஆறு முழுக்கத் தமிழ்நாட்டுக்குள்தான். காவிரி மாதிரி பக்கத்து மாநிலத்தைக் கைகாட்டித் தப்பிக்கவும் வழியில்லை.

"தொழிலாளர்களை இறக்கிவிட்டாச்சு, இனி காடு தானாக வந்துவிடும்" என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. காட்டை வெட்டச் சொல்லி முடிவெடுத்தது லைன் வீட்டில் இருந்த தொழிலாளர்களா? ஜமீனும் கம்பெனியும் போட்ட ஒப்பந்தம் அது. தவிர, கவாத்து செய்யாமல், அதாவது கிளையை வெட்டிவிடாமல் விட்டால் தேயிலைச் செடி மரமாக வளரும். அதனால் மட்டும் அது சோலை ஆகிவிடாது. களையும் புதரும் மண்டும். நாற்று வளர்த்து, களை எடுத்து, பல வருஷம் பார்க்க வேண்டிய வேலை. அந்தச் சரிவுகளை மூன்று நான்கு தலைமுறையாக ஏறி இறங்கியவர்களைத் தவிர அந்த வேலைக்கு வேறு யாரைத் தேடப்போகிறோம்? மலையிலேயே வாழும் காணிப் பழங்குடி மக்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

சரி, திட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஒரு பாதுகாப்புத் திட்டம் வேண்டும் என்பது சட்டம். ஆனால் அது புலிக்கான திட்டம், காப்பக எல்லையோடு நின்றுவிடும். ஆறு அங்கே நிற்காதே. மலையில் வனத்துறை. கீழே இறங்கினால் ஆற்றுப் புறம்போக்கு வருவாய்த்துறைக்கு, தண்ணீர் நீர்வளத்துறைக்கு, மணல் கனிமவளத்துறைக்கு, சாக்கடை ஊருக்கு ஊர் உள்ளாட்சிக்கு. பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்று விட்டுப்போன வேட்டியும் சேலையும் கல்லில் சுற்றி, பாசி பிடித்துக் கிடக்கும். கால் வைத்தால் வழுக்கும். இதை யார் எடுப்பது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்த ஆபீசைக் காட்டுவார்கள். ஒரே ஆற்றங்கரை இத்தனை பேர் ஃபைலில் கிடக்கிறது.

அதனால் 2028-க்கு முன்னால் ஒரு காரியம் நடக்க வேண்டும். அந்த 8,374 ஏக்கரில் எந்தச் சரிவு சோலையாகும், எது புல்வெளியாகும், ரோடு எது வரை, யாருக்கு வேலை என்று ஒரு வரைவை, வரைபடத்தோடு, தமிழில் அரசு வெளியிடட்டும். மலையடிவாரக் கிராமசபைகளில் வைக்கட்டும். கடைசித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஸ்ரீவைகுண்டம் பாசன விவசாயிகளையும் கூப்பிடட்டும்.

பழைய பங்களாக்களைச் சுற்றுலா விடுதியாக மாற்றுகிறோம் என்று யாராவது தொடங்கினால், இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் எதிர்ப்பேன். 99 வருஷக் குத்தகையை எடுத்துவிட்டு வார இறுதிக் குத்தகை போடுவதற்கா இந்த நிலத்துக்காகக் கோர்ட்டில் இவ்வளவு வழக்கு நடந்தது?