பிடித்துப்போவதில் மாடிப்படிக்கும் பங்கு உண்டு

"என்னை யாருக்கும் பிடிக்காது" என்று முகத்தையும் பேச்சையும் நொந்துகொள்பவர்கள் அதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். ஒரே ஆளை வாரத்தில் எத்தனை முறை எதிரே பார்க்கிறீர்கள்?

1950-இல் ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற சமூக உளவியலாளர்கள் மூவரும் வெளியிட்ட ஆய்வு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில், மணமான மாணவர்களின் குடியிருப்பில் நடந்தது. யாருக்குப் பக்கத்தில் யார் என்பது அவர்கள் கையில் இல்லை. ஒரே தளத்தில், அடுத்த வீட்டுக்காரர்களில் 41 சதவீதம் பேர் நெருங்கியவர்களாகச் சொல்லப்பட்டார்கள். கடைக்கோடி வீடென்றால் 10 சதவீதம்தான். மாடிப்படி முடியும் இடத்தில் குடியிருந்த கீழ்வீட்டுக்காரர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் கூடுதல். குணம் காரணமல்ல, மேலே இருப்பவர்கள் தினமும் அந்த வாசலைக் கடந்துதான் போக வேண்டும்.

1992-இல் மோர்லேண்ட், பீச் என்ற ஆய்வாளர்கள் பேச்சே இல்லாமல் பார்ப்பதை மட்டும் சோதித்தார்கள். ஏறக்குறைய ஒரே மாதிரித் தோற்றமுள்ள நான்கு பெண்கள் ஒரு வகுப்புக்கு முறையே 0, 5, 10, 15 முறை வந்து, யாரிடமும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். கடைசியில் அந்தப் பெண்களின் படங்களைக் காட்டியபோது, அதிகம் வந்தவரையே மாணவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் ஒருவர் பின்னாலேயே சுற்றக் கிளம்பிவிடக் கூடாது. முதலிலேயே எரிச்சல் உண்டாகிவிட்டால், திரும்பத் திரும்பப் பார்ப்பது அதை வளர்க்கவே செய்யும். 1976-இல் ஒரு கலிஃபோர்னியா குடியிருப்பில் நடந்த ஆய்வில், பிடிக்காதவர்களும் பக்கத்து வீடுகளில்தான் இருந்தார்கள். வேண்டாம் என்று சொன்னவரைத் துரத்தினால் மனம் மாறும் என்பது பச்சைப் பொய், பலரின் நிம்மதியைக் கெடுத்த பொய்.

சரி, பழக்கம் ஆகிவிட்டது. நெருக்கம்? அது பேச்சில் வருவது, அதுவும் படிப்படியாக. உளவியலாளர் ஆர்தர் ஏரன் குழுவின் 1997 ஆய்வில், முன்பின் அறியாத இருவர் 45 நிமிடத்தில் 36 கேள்விகளை மூன்று கட்டமாகப் பேசினார்கள். மேலோட்டமாகத் தொடங்கி ஆழமாகப் போகும் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் இருவருமே பதில் சொல்ல வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். சிலர் முதல் நாளே மொத்தக் காயத்தையும் கொட்டி எதிராளியைத் திணறடிக்கிறார்கள், சிலர் கேள்வியாகக் கேட்டுத் தள்ளிவிட்டுத் தன்னைப் பற்றி வாயே திறப்பதில்லை.

அதைவிடச் சின்னத் தவறு ஒன்று உண்டு. "ரெண்டு வாரமா சரியா தூக்கமே இல்ல" என்கிறார் ஒருவர். "எனக்கும்தான், நான் படுக்கவே ஒரு மணி ஆகுது" என்றால் பேச்சு உங்கள் பக்கம் வந்துவிடுகிறது. "ரெண்டு வாரமாவா? அப்ப என்ன ஆச்சு?" என்று அவர் சொன்னதிலிருந்தே கேட்டால், கவனித்தோம் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். உங்கள் தூக்கத்தைப் பற்றி அதற்குப் பிறகு சொல்லலாம்.

பேசி முடித்து வீட்டுக்கு வந்தபின் "உளறிவிட்டோமோ" என்று உறுத்தும். அந்த உறுத்தலை நம்பாதீர்கள். முதல் பேச்சுக்குப் பிறகு, எதிராளிக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2018-இல் வந்த ஆய்வு காட்டியது. எதிரே இருந்தவருக்கும் அதே உறுத்தல்தான். இருவரும் அதை நம்பிவிட்டால், மறுபடி எப்போது பார்க்கலாம் என்று கேட்க ஆளே இருக்காது.