சாவோ சிங்கங்கள் 135 இந்தியர்களைத் தின்றனவா?

'கென்யாவில் ரயில் பாதை போட்ட 135 இந்தியர்களை இரண்டு சிங்கங்கள் தின்று தீர்த்தன' என்ற செய்தி, பெரிய பிடரி வைத்த சிங்கப் படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

சிங்கங்கள் உண்மை. 1898-இல் சாவோ ஆற்றுப் பாலம் கட்டும்போது இரண்டு ஆண் சிங்கங்கள் இரவில் கூடாரம் புகுந்து ஆட்களை இழுத்துப்போயின. டிசம்பரில் பொறியாளர் பேட்டர்சன் இரண்டையும் சுட்டுக்கொன்றார். 135 என்பதும் அவர் சொன்ன கணக்குதான். ஆனால் 1907-இல் அவரே எழுதியது, 28 இந்தியத் தொழிலாளர்களும் கணக்கில் வராத ஆப்பிரிக்கர்களும் என்று. 2009-இல் சிங்கங்களின் முடியையும் எலும்பையும் சோதித்த ஆய்வாளர்கள், இரண்டும் சேர்ந்து சுமார் 35 பேரைத் தின்றிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். கொன்றுவிட்டுத் தின்னாமல் போனது அந்தக் கணக்கில் வராது. அது மதிப்பீடுதான், ஆனாலும் 135-ஐ விட நம்பத்தக்கது.

அப்புறம் அந்தப் படம். சாவோ சிங்கங்களுக்குப் பிடரியே கிடையாது. பாடம் செய்யப்பட்ட இரண்டும் சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. அதன் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஒன்றின் கோரைப்பல் முறிந்து, வேரில் சீழ் பிடித்திருந்த தடயமும் மண்டையோட்டில் உண்டு. வலியில் வரிக்குதிரையை விட்டு மனிதனைப் பிடித்தது என்பது ஒரு விளக்கம்.

அந்தப் பாதைக்காக இந்தியாவிலிருந்து போன சுமார் 32,000 பேரில் ஏறக்குறைய 2,500 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் நோயால். ஃபார்வர்டில் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

உங்கள் குழுவுக்கு இது வந்தால், தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.