டால்பின்களை இந்தியா 'நபர்' என்று அறிவித்ததா?

"டால்பின்கள் மனிதரல்லாத நபர்கள் என்று இந்திய அரசு சட்டம் போட்டுவிட்டது" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் மறுபடியும் சுற்றுகிறது. அப்படி ஒரு சட்டம் கிடையாது.

மூலம் 2013 மே 17 தேதியிட்ட மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் சுற்றறிக்கை. டால்பின் காட்சிக்கூடங்களுக்கு அனுமதி தர வேண்டாம் என்று அது மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. அது உண்மை, நல்ல முடிவும்கூட. காரணம் சொல்லும் இடத்தில், டால்பின்களை 'மனிதரல்லாத நபர்களாக'ப் பார்க்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் சிலர் கருதுவதாக ஒரு வரி வருகிறது. அந்த மேற்கோள்தான் 'அறிவிப்பு' ஆகிவிட்டது.

தத்துவத்தில் 'நபர்' வேறு, சட்டத்தில் வேறு. ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக்கின் வரையறைப்படி, சிந்திக்கத் தெரிந்து, வெவ்வேறு காலத்திலும் இடத்திலும் தான் அதே ஆள்தான் என்று உணரும் உயிர் நபர். டால்பின் இதில் தேறுமா என்பது இன்னும் தீராத, சுவையான விவாதம். சட்டத்துக்கு இந்த அறிவெல்லாம் தேவையில்லை: கம்பெனியும் கோயில் தெய்வமும்கூட அங்கே நபர்கள்தான்.

2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் விலங்குகளைச் சட்ட ஆளுமைகள், அதாவது சட்டத்தின் பார்வையில் நபர்கள், என்றது உண்மை. ஆனால் விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என ஏற்க முன்னுதாரணம் இல்லை என்று 2023 மே மாதம் ஜல்லிக்கட்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கூறியது.

சுற்றறிக்கையையும் தீர்ப்பையும் இணையத்தில் தேடிப் படிக்கலாம். அந்தச் செய்தியை இனி அனுப்ப வேண்டாம்.