செம்பும் புளியும்

போன மாதம் அறநெறி வகுப்பில் பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி எழும்பிக் கேட்டாள்: "சேர், இதெல்லாம் நீங்க உண்மையாவே நம்புறீங்களா, இல்லாட்டி படிப்பிக்கிறதுக்காகச் சொல்றீங்களா?"

இறைவன், உயிர், உயிரைக் கட்டும் தளை என்று சைவசித்தாந்தம் சொல்லும் மூன்றையும் பதி, பசு, பாசம் என்று பலகையில் எழுதி, பாசத்துக்குக் கீழே ஆணவம், கன்மம், மாயை என்று கோடு இழுத்துக்கொண்டிருந்தேன். அவள் குறும்புக்குக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "நம்புறன் மகள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். வகுப்பு முடிந்து வரும்போது மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பிள்ளைக்கு அந்த ஒரு சொல் போதாது. அவள் கேட்டது, ஒரு தத்துவம் எப்படி ஒரு மனிதனுக்குச் சொந்தமாகிறது என்பதை. அதற்கு எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

உயர்தரத்தில் நான் இந்துநாகரிகம் படித்தவன். சைவசித்தாந்தக் கேள்வி எது வந்தாலும் எழுதுவேன். ஆன்மாவோடு ஆணவம் எப்படி ஒட்டியிருக்கிறது என்று கேட்டால், செம்பில் களிம்பு போல, நெல்லில் உமி போல, அநாதியே உடன் இருப்பது என்று எழுதுவேன். அந்தப் பாடத்துக்கு ஏ கிடைத்தது. ஆனால் பாருங்கள், அந்தக் காலத்தில் ஒவ்வொரு வியாழன் பின்னேரமும் ஆரையம்பதியில் எங்கள் கிணற்றடியில் இருந்து வெள்ளிக்கிழமைப் பூசைக்காகச் செம்பும் விளக்கும் மினுக்கியது நானும் அக்காவும்தான். பழம்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை எரியும். பச்சைக் களிம்பு விரல் இடுக்கில் இருக்கும். அதே கையால் மறுநாள் "செம்பில் களிம்பு போல" என்று விடை எழுதுவேன். இரண்டும் ஒரே செம்பு, ஒரே களிம்பு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. இன்றைக்கு நினைத்தால் எனக்கே நெஞ்சு பதறுகிறது.

அம்மாவுக்கு மறதி நோய் வந்தபோது அவருக்கு எழுபத்தாறு வயது. எங்கள் பக்கத்தில் தாய் வயதுபோனால் மகளோடுதான் இருப்பார். வீடு மகளுக்குச் சீதனம், மகன் கலியாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்குப் போகிறவன். நானும் அப்படித்தான் கல்லடிக்கு வந்தேன். அக்கா வெளிநாட்டில் என்பதால் அம்மாவை நான் கூட்டிவந்து வைத்திருந்தேன். வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள், "ஆம்பிளப் புள்ளயாய் இருந்தும் இப்படிப் பார்க்கிறீங்களே" என்று. அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், யாராவது வந்திருக்கும் நேரத்தில் சோறு தீத்தும்போது என் குரல் கொஞ்சம் கூடக் கனிவாகிவிடும்.

ஒரு நாள் காலையில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு என்னை வடிவாகப் பார்த்துவிட்டு, "ஆரு மனே நீ?" என்றார்.

மட்டக்களப்பார் எல்லாருக்கும் தெரியும், எங்கள் ஊரில் வயதான பெண்கள் மீன் விற்க வருகிற பொடியனையும் "மனே" என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா என்னையும் அந்தப் பொடியனைப் போலத்தான் கூப்பிட்டார். எனக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம். இரவு பகலாக நான் செய்கிறேன், என்னைத் தெரியவில்லையா? கஞ்சிக் கோப்பையைக் குசினியில் கொண்டுபோய் வைத்த சத்தம் பெண்சாதிக்குக் கேட்டிருக்கும். அங்கே நின்றபோது அந்த வரி எங்கிருந்தோ வந்தது. செம்பில் களிம்பு. முப்பது வருடமாக நான் எழுதியும் படிப்பித்தும் வந்த சொல். நான் செய்தேன், எனக்குத் தெரிய வேண்டும், என்னைச் சொல்ல வேண்டும்: இதுதான் அது. இதைத்தான் அவர்கள் ஆணவம் என்றார்கள். தலைக்கனம், திமிர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேனே, அது இல்லை. அன்புக்குள்ளேயே, தாய்க்குக் கஞ்சி கொடுக்கிற கைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

சித்தாந்தப் பரம்பரையில் ஒரு கதை சொல்வார்கள். அருணந்தி சிவாச்சாரியார் ஆகமம் எல்லாம் கரைத்துக் குடித்தவர், சகலாகம பண்டிதர் என்றே பெயர். தன் மாணவர்கள் எல்லாரும் சிவஞானபோதம் எழுதிய சின்ன வயது மெய்கண்டாரிடம் போய் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போகிறார். மெய்கண்டார் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இவர் நின்றபடியே, ஆணவ மலத்தின் சொரூபம் என்ன என்று கேட்கிறார். மெய்கண்டார் வாயால் பதில் சொல்லவில்லை, அவரை மேலும் கீழும் பார்த்தார். நீர் நிற்கிற நிலைதான் என்பது அந்தப் பார்வை. அருணந்தியார் அந்த இடத்திலேயே விழுந்து வணங்கிச் சீடரானார். பிறகு சிவஞான சித்தியார் என்ற சித்தாந்த நூலை எழுதியவர் அவர்தான். இந்தக் கதையை வகுப்பில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். நல்ல கதை, பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்கள். அம்மா அப்படிப் பார்த்த பிறகு அந்தக் கதையைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நாள் ஏலாமல் இருந்தது.

அன்றோடு ஆணவம் போய்விட்டது என்று நான் சொல்லவரவில்லை. அது இருப்பதை முதல் தரம் கண்டேன், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முதல் நான் சித்தாந்தத்தை ஒத்துக்கொண்டவன், அதற்குப் பிறகு அது என்னுடையது.

இது சைவத்துக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. எண்பதுகளில் எங்கள் வயதுப் பொடியன்கள் பலர் மார்க்சியம் படித்தார்கள். என் நண்பன் ஒருவன் உபரி மதிப்பை, அதாவது தொழிலாளியின் உழைப்பில் கூலி போக முதலாளி எடுத்துக்கொள்கிற பங்கைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவான். படுவான்கரைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போய், முதல் கிழமைச் சம்பளத்தை எண்ணிப் பார்த்த பின்னேரம்தான் தனக்கு அது விளங்கியது என்று சொன்னான். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசுவது குறைந்துபோனது.

அதனால்தான், "ஒரு பேச்சைக் கேட்டேன், ஒரே இரவில் எல்லாம் விளங்கிவிட்டது" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. எந்த மதத்தில், எந்தக் கொள்கையில் என்றாலும் சரி. அவர்கள் அடுத்த நாளே மற்றவர்களைத் திருத்தப் புறப்படுகிறார்கள்.

கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்துப் பக்கம் விபுலாநந்த அடிகளின் சமாதி இருக்கிறது. என் வீட்டிலிருந்து தூரம் இல்லை. வெள்ளை நிற மல்லிகையோ என்று அவர் கேட்ட பாட்டு அங்கே பொறித்திருக்கிறது. இறைவன் கேட்பது மல்லிகையை அல்ல, உள்ளக் கமலத்தை என்று சொல்லும் பாட்டு. கிழக்கில் அதைப் பாடமாக்காத தமிழ்ப் பிள்ளை குறைவு. துறவுக்கு முதல் அடிகளின் பெயர் மயில்வாகனம். 1892இல் காரைதீவில் பிறந்த அவர் விஞ்ஞானம் படித்தார், படிப்பித்தார், மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் ஆனார், 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் எடுத்தார். 1922இல்தான் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்துக்குப் போகிறார், 1924இல் துறவு. அவர் போனது வேதாந்த வழி, நான் பேசுவது சித்தாந்தம், அந்த வேறுபாடு எனக்குத் தெரியும். நான் பார்ப்பது காலத்தை. முப்பது வயது வரைக்கும் அவர் வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறார். துறவியான பிறகும் அவர் குகைக்குள் போகவில்லை, பள்ளிக்கூடம் நடத்தினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது சேரிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். உள்ளக் கமலம் என்று எழுதிய மனிதன் அதை எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று பார்த்தால்தான் அந்தப் பாட்டு விளங்கும்.

சரி, இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன். கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் (அதிலேயே ஒன்றி நிற்பது) என்று நான்கு படியைச் சித்தாந்தமே சொல்லிவைத்திருக்கிறது. நாங்கள் பிள்ளைகளைக் கேட்டலில் ஏற்றிவிட்டு, அங்கேயே பரீட்சை வைத்து, சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். கோயிலைக் கூட்டுவது போல உடம்பால் செய்யும் தொண்டுதான் சரியை. அது என்றால் என்ன என்று நான்கு புள்ளிக்குக் கேட்கிறோம், கோயில் வீதியைக் கூட்டுவதற்குக் கூலிக்கு ஆள் பிடிக்கிறோம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கையும் அரும்பு, மலர், காய், கனி என்று தாயுமானவர் சொன்னார். அரும்பைக் கிள்ளிவிட்டுக் கனிக்கு வரைவிலக்கணம் எழுதச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்?

பாடமாக்குவது வேண்டாம் என்றும் நான் சொல்லமாட்டேன். இதில் என் நண்பர்கள் சிலரோடு எனக்குப் பிணக்கு உண்டு. அன்று காலை குசினியில் அந்தச் சொல் எனக்குள்ளே கிடந்திருக்காவிட்டால், என் கோபத்துக்கு நான் பெயர் வைத்திருக்கமாட்டேன். களைப்பு என்று நினைத்துத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருப்பேன். விளங்காமல் பாடமாக்கிய சொல் முப்பது வருடம் காத்துக்கொண்டு இருந்தது. ஆனால் சொல் மட்டும் இருந்தும் காணாது. புளி போட்டுத் தேய்த்த கையும் வேண்டும், பிறகு வாழ்க்கை கொண்டுவந்து காட்டுகிற ஒரு நாளும் வேண்டும். அந்த நாளை எந்த ஆசிரியராலும் வரவழைக்க முடியாது. மலபரிபாகம் என்று பெரியவர்கள் சொன்னது, மலம் பக்குவப்பட்டு வருகிற அந்தக் காலத்தைத்தான் என்று நினைக்கிறேன். எங்கள் கையில் இருப்பது சொல்லும் புளியும்தான்.

அம்மா போய் இரண்டு வருடமாகிறது. கடைசி ஏழெட்டு மாதம் நான் யார் என்று சொல்வதை விட்டுவிட்டேன். "ஆரு மனே?" என்று கேட்டால், "கஞ்சி கொண்டுவந்திருக்கிறன் அம்மா" என்பேன். அது அவருக்குப் போதுமாக இருந்தது.

போன ஞாயிறு வகுப்புக்குப் புத்தகம் கொண்டுவர வேண்டாம் என்று சொன்னேன். கோயில் செம்பும் தட்டமும் எடுத்துக் கிணற்றடியில் வைத்து, ஆளுக்குக் கொஞ்சம் புளி கொடுத்தேன். கேள்வி கேட்ட பிள்ளைதான் கடைசி வரைக்கும் விடாமல் தேய்த்தாள். செம்பு தீ மாதிரி மினுங்கியது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது திரும்பக் களிம்பு பிடிக்கும்தானே சேர்?" என்றாள்.

"ஓம், பிடிக்கும்" என்றேன். வருகிற ஞாயிறும் எல்லாரையும் புளி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.