எதிர் வீட்டு ஹஸ்கி

எதிர் ஃபிளாட்டில் சைபீரியன் ஹஸ்கி நாய் வாங்கியிருக்கிறார்கள். சென்னையில், அதுவும் மே மாதத்தில்! பனியில் சறுக்குவண்டி இழுக்க வளர்த்த இனம். உடம்பில் இரண்டு அடுக்கு ரோமம். கரண்ட் போனால் போதும், வாசல் டைல்ஸில் வயிறு ஒட்டப் படுத்து, நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிறது. பார்க்கப் பார்க்க மனசு பதறுகிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். நீலக் கண்ணுக்கு ஆசைப்பட்டவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா?

சரி, நம்ம ஊர் சிப்பிப்பாறை நாய் வாங்கியிருக்கலாமே என்றால், வெயில் தாங்கும், ஆனால் அதற்கும் ஓட இடம் வேண்டும். இவர்கள் இரண்டு பேரும் காலை 8 மணிக்குக் கிளம்பினால் ராத்திரிதான் திரும்புகிறார்கள். அதுவரை பால்கனிக் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு ஹஸ்கி ஊளையிடுவது என் சமையலறை வரை கேட்கிறது.