'நாட்' இல்லாவிட்டாலும் எதிர்மறைதான்

ஆங்கில வாக்கியத்தின் கடைசியில் 'இல்லையா?' என்பதுபோல ஒட்டும் குட்டிக் கேள்விதான் டேக். "வாக்கியத்தில் 'நாட்' இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு எதிர்மறை டேக் போடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. ஹார்ட்லி (அநேகமாக இல்லை), செல்டம் (அரிதாக), நெவர், நோபடி மாதிரி சொற்கள் வந்தாலே வாக்கியம் எதிர்மறைதான்; அதற்கு 'நாட்' இல்லாத நேர்மறை டேக்தான் வரும். 'ஹீ ஹார்ட்லி ஸ்பீக்ஸ், டஸ் ஹீ?' என்றுதான் கேட்க வேண்டும், 'டஸன்ட் ஹீ?' தவறு. 'நோபடி கால்ட், டிட் தே?' என்பதில் இன்னொரு வேடிக்கை: நோபடி ஒருமை, டேகில் வருவதோ 'தே'.

பரீட்சையில் ஆளைக் கவிழ்ப்பது 'ஃபியூ'. 'ஃபியூ பீப்பிள் கேம்' என்றால் அநேகமாக யாரும் வரவில்லை என்ற தொனி. டேக் 'டிட் தே?'. முன்னால் ஓர் 'அ' சேர்ந்து 'அ ஃபியூ பீப்பிள் கேம்' ஆனால் சிலராவது வந்தார்கள். அப்போது 'டிடன்ட் தே?'. அப்புறம், 'ஐ ஆம் லேட்' என்பதற்கு 'ஆர்ன்ட் ஐ?'. 'ஆமன்ட் ஐ?' ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பேச்சில் உண்டு. நம் விடைத்தாளில் வேண்டாம்.