எக்ஸ்ரேயில் தெரியாவிட்டால் நோவே இல்லையா?

தீராத நோவை உடம்பில் வைத்துக்கொண்டு கொழும்பில் அரசாங்க உதவிக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். வருத்தத்தைவிட அந்த அலைச்சல்தான் ஆளை முறிக்கும். எத்தனை நாளைக்குத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது?

எனக்கு பைப்ரோமயல்ஜியா. உச்சி முதல் உள்ளங்கால்வரை நோ. எவ்வளவு படுத்தாலும் தீராத களைப்பு. விடிய எழும்பினால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க விரல் மடங்காது. புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்தவள் நான். நிற்க முடியாமல் போனது, வேலையும் போனது.

இந்த வருத்தத்தின் குணமே இதுதான்: இரத்தம் சோதித்தால் எல்லாம் சரி, எக்ஸ்ரே சரி, ஸ்கேன் சரி. மூட்டிலோ எலும்பிலோ பழுது இருந்தால்தானே படத்தில் தெரியும்? நோவைக் கையாளுகிற நரம்பு மண்டலமே அளவுக்கு மீறி வேலை செய்கிறது. நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, உடம்பைச் சோதித்து, வேறு நோய் இருக்கிறதா என்றும் பார்த்துத்தான் டாக்டர் இதைக் கண்டுபிடிக்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நாட்பட்ட நோவுக்கென்றே தனிக் குறியீடு இருக்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த 11ஆவது பதிப்பு அது. உலகம் ஒத்துக்கொண்ட வருத்தத்தை ஒரு கந்தோர் மேசையில் ஒத்துக்கொள்ள வைக்க நான் படுகிற பாடு இருக்கிறதே!

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவித்தொகைதான் அஸ்வெசும. அதற்கான கணக்கெடுப்பில் 22 குறிகாட்டிகள். வீட்டில் நாட்பட்ட நோயாளி இருக்கிறாரா என்ற கேள்வியும் அதில் உண்டு. கேள்வி இருந்து என்ன? எங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளை போனைப் பார்த்தபடியே கேட்டது:

"அன்டி, சுகர் இருக்கா? பிரஷர்? ஹார்ட்? கிட்னி?"

"அதெல்லாம் இல்லை மகள். உடம்பு முழுக்க நோ, டாக்டர் எழுதித் தந்திருக்கிறார்."

"உடம்பு நோ எல்லாருக்கும் இருக்குத்தானே அன்டி."

அவ்வளவுதான். அடுத்த கேள்வி கரண்ட் பில்.

சரி, மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவுக்காவது கேட்போம் என்று போனேன். வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் 2025இலிருந்து மாதம் 10,000 ரூபாய். சிறுநீரக நோயாளிக்குக் கொடுப்பதில் எனக்கு ஒரு எரிச்சலும் இல்லை. அவர்களுக்கு அந்தக் காசு எந்த மூலைக்கு? எனக்கு என்ன பதில் கிடைத்தது என்று கேளுங்கள். மேசையில் இருந்த மிஸ் என் கிளினிக் கொப்பியைப் புரட்டினார். ஒட்டியிருந்த ரிப்போர்ட்டுகளில் 'நோர்மல்' என்று இருந்த இடத்திலெல்லாம் பேனையை வைத்து வைத்துக் காட்டினார். கடைசிப் பக்கத்தில் டாக்டர் நோயின் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தியிருந்தார். அந்தப் பக்கத்துக்கு வரவே இல்லை. கொப்பியை மூடிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்து, "பார்க்க நல்லாத்தானே இருக்கிறீங்க" என்றார்.

கந்தோருக்குப் போகிறோமே என்று தலைசீவி, அயன் பண்ணின சீலை உடுத்திப் போனது என் குற்றமா? அழுக்கு உடுப்போடு தாங்கித் தாங்கிப் போனால்தான் நம்புவீர்களா? மகன் சீலை மடிப்பைப் பிடித்துவிடாமல் அன்றைக்கு நான் வாசலைத் தாண்டியிருக்க மாட்டேன். அது அந்த மேசைக்குத் தெரியுமா?

அக்கம்பக்கத்தாரின் வாயும் இருக்கிறது. அஸ்வெசும பட்டியலில் ஒருவர் பெயர் வந்தால் அதற்கு மற்றவர்கள் ஆட்சேபனை கொடுக்கலாம். ஏமாற்றுக்காரரைப் பிடிக்க அப்படியொரு வழி வேண்டும்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என்னைப் போன்றவர்களின் கதி என்ன? நோ ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் இருக்காது. ஒரு நாள் கொஞ்சம் நடக்கலாம், மறுநாள் குளிக்கவே ஆள் வேண்டும். தேருக்கு நடந்து போனதைக் கண்டவர்கள், அடுத்த நாள் முழுக்க நான் சுருண்டு கிடந்ததைக் கண்டார்களா? கதவு சாத்தியிருந்ததே!

மேன்முறையீட்டுக்கு வந்த பதில் முழுக்கச் சிங்களத்தில். கீழ் வீட்டு மகள்தான் வாசித்துச் சொன்னாள். தமிழும் அரச கரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. அந்தக் கோபத்தைத் தனியாக எழுதுகிறேன், இப்போது தொடங்கினால் முடியாது.

நான் கேட்பது பெரிய விஷயமா? டாக்டர் எழுதித் தந்தால் அதை வாசியுங்கள். விளங்காவிட்டால் அவரிடமே கேளுங்கள். எவ்வளவு நேரம் நிற்க முடியும், தனியாகச் சமைக்க முடியுமா, எத்தனை இரவு தூங்காமல் கிடக்கிறீர்கள் என்று விசாரியுங்கள். பேனை பிடித்த கையால் அதையும் எழுதுங்கள். 'நோர்மல்' என்ற ஒரு சொல்லை வைத்து ஆளைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

அப்புறம், அந்தப் படிகள்! மாற்றுத்திறனாளிகளின் விண்ணப்பத்தைப் பாரமெடுக்கிற மேசையை யார் ஐயா மேல்மாடியில் வைத்தது? பொதுக் கட்டடங்களில் எல்லோரும் ஏறி இறங்க வசதி இருக்க வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதியே வந்தது. லிஃப்ட் போடக் காசு இல்லையென்றால் மேசையைக் கீழே இறக்குங்கள். அதற்கு இரண்டு பேர் போதும்.